திபிலிசில சின்ன ரெண்டல் கடைல கார் எடுத்து ககேத்தி மலையடிவாரத்துல நாலு நாள்: வண்டி, வாடகை, பஞ்சர் எல்லாம் சேர்த்து என் ரிவ்யூ

போன செப்டம்பர் கடைசில ஜார்ஜியா போயிருந்தோம், அமெரிக்கால இருக்குற மாநிலம் இல்ல, காகசஸ் மலை பக்கம் இருக்குற நாடு. திபிலிசி அதோட தலைநகரம், ககேத்தி அதுக்கு கிழக்கால இருக்குற ஒயின் பகுதி. நான், என் மனைவி, பத்து வயசு பையன், கூட அம்மா. அம்மாக்கு 67 வயசு, முட்டி வலி இருக்கு, சுத்த சைவம். காலைல எட்டு மணிக்கு ஏத்திட்டு ஒரே நாள்ல ஆறு இடம் காட்டி ராத்திரி இறக்கி விடுற டூர் வேன்லாம் அவங்களால முடியவே முடியாது, நினைச்ச இடத்துல நிறுத்தணும், கொஞ்ச நேரம் காலை நீட்டி உக்காரணும். அதனால நாங்களே கார் எடுத்து ஓட்டிக்கலாம்னு முடிவு பண்ணோம். அந்த கார், அதை குடுத்த கடை, அந்த ரோடு, இது மூணையும் பத்திதான் எழுதுறேன். கடை பேர் போடல, ஏன்னா திபிலிசில இந்த மாதிரி ஏழெட்டு வண்டி வச்சு நடத்துற ஆளுங்க நிறைய இருக்காங்க, எதை பாத்து எடுக்கணும் எதை கேட்டுட்டு எடுக்கணும்ங்கறதுதான் உங்களுக்கு உபயோகம்.

கடைன்னா பெரிய ஷோரூம்லாம் நினைச்சுக்காதீங்க. சபுர்தாலோ ஏரியால ஒரு பழைய அபார்ட்மெண்ட் கீழ ஒரே ரூம், ஒரு டேபிள், வெளிய வரிசையா நிக்கிற வண்டிங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்துறாங்க, அண்ணனுக்கு இங்கிலீஷ் நல்லா வருது, தம்பிதான் வண்டி கழுவுறது, ரெடி பண்றது எல்லாம். ஆட்டோமேட்டிக் சின்ன எஸ்யூவி, ஃபோர் வீல் டிரைவ், ஒரு நாளைக்கு 130 லாரி. லாரின்னா அங்க ஓடுற பணம், ஒரு லாரிக்கு 100 தெத்ரி. நாலு நாளுக்கு 520, டெபாசிட் 300 லாரி கேஷா குடுத்தோம், ரசீது எழுதி குடுத்தாரு. ஏர்போர்ட்ல இருக்குற கவுண்டர்லயும் முதல்ல கேட்டேன், அங்க கிரெடிட் கார்டுல பிளாக் பண்ற தொகையே எங்களுக்கு ரொம்ப அதிகமா இருந்துச்சு.

அக்ரிமெண்ட் ரெண்டு பக்கம். நான் உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சேன், நீங்களும் கண்டிப்பா படிங்க. ஃபுல் இன்சூரன்ஸ்னு பெருசா போட்டிருக்கு ஆனா கீழ சின்ன எழுத்துல டயர், கண்ணாடி, வண்டியோட அடிப்பாகம் மூணும் கவர் ஆகாதுன்னு இருக்கு. மலையடிவார ரோட்டுல எது அடி வாங்குமோ அதேதான் இந்த மூணும். இன்னொரு வரி, ஒமாலோங்கற மலை கிராமத்துக்கு போற ரோட்டுல வண்டிய கொண்டு போகக்கூடாது. அது அபானோ கணவாய் வழியா 2800 மீட்டருக்கு மேல ஏறி துஷேத்திங்கற மலைப் பகுதிக்கு போற மண் ரோடு, பனி விழுந்தா மாசக்கணக்குல மூடிருவாங்க, அங்க போய் ஏதாவது ஆச்சுன்னா முழு செலவும் நம்ம தலைல. ஜிபிஎஸ் வச்சிருக்கோம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு, ஒளிக்காம சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு.

லைசென்ஸ் விஷயம்: நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் பெர்மிட்டும் எடுத்துட்டு போங்க. அவரு ரெண்டையும் போட்டோ எடுத்துக்கிட்டாரு. வண்டி ரோட்டோட வலது பக்கம் போகணும், ஆனா ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் வண்டி நிறைய ஓடுறதால வலது பக்க ஸ்டியரிங் வச்ச காரும் ரோட்டுல நிறைய இருக்கும், அந்த ஆளுங்க ஓவர்டேக் பண்றப்ப எதிர்ல என்ன வருதுன்னு தெரியறதுக்காக முழு வண்டியவும் வெளிய நீட்டுவாங்க, பாத்து பயந்துறாதீங்க ஆனா இடம் விட்டு ஓட்டுங்க.

இந்த கடைக்கு நான் முழு மார்க் போடுறது சாவி குடுக்கறதுக்கு முன்னாடி அந்த அண்ணன் செஞ்ச வேலைக்கு. ஒரு பேப்பர் மேப்ப விரிச்சு பேனாவ எடுத்து அரை மணி நேரம் உக்காந்து சொன்னாரு. போறப்ப கொம்போரி கணவாய் வழியா காலைல போங்க, திரும்பி வரப்ப சகாரெஜோ வழியா ஹைவேல வாங்க, ரெண்டாவது ரோடு நீளம் ஆனா சமதளம், களைப்பா இருக்கறப்ப அதுதான் நல்லது. இருட்டுனதுக்கு அப்புறம் ஓட்டாதீங்க, மாடு ரோட்டுலயே படுத்துக்கும், லைட் வெளிச்சத்துலயும் தெரியாது. ஊருக்குள்ள 60, வெளிய 90, மோட்டார்வேல 110, கேமரா எல்லா இடத்துலயும் இருக்கு, ஃபைன் வந்தா என் பேர்ல வரும், நான் உங்க டெபாசிட்ல கழிப்பேன். ஒயின் ஊர்தான், ஆனா ஓட்டுறவர் ஒரு கிளாஸ் கூட வேணாம், அங்க லிமிட் 0.03 சதவீதம்தான். என் மனைவி பக்கத்துல இருந்து "ஏங்க, நல்லா கேட்டுக்கோங்க"ன்னு அழுத்தி சொன்னா. கடைசில அவரு அம்மாவ பாத்துட்டு என் கிட்ட "நெல் நெலா"ன்னு சொன்னாரு. அவங்க பாஷைல மெதுவா மெதுவான்னு அர்த்தமாம். அம்மா உடனே "பாத்தியாடா, அவரும் மெல்ல மெல்லன்னுதான் சொல்றாரு"ன்னாங்க. அந்த நாலு நாளும் வண்டில இந்த ஒரு வார்த்தைதான் ஓடுச்சு, ஒவ்வொரு வளைவுலயும் பின் சீட்ல இருந்து நெல் நெலா.

கொம்போரி ரோடு பத்தி சொல்லணும். திபிலிசில இருந்து நாங்க தங்குன ககேத்தி ஊரான தெலாவிக்கு இது வழியா எழுபது கிலோமீட்டர் கிட்டதான் வரும், ஆனா ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க. ஊர விட்டு வெளிய வந்ததும் காஞ்ச மஞ்சள் புல்லு மேடுங்க, அப்புறம் மெல்ல மெல்ல மரம் கூடிக்கிட்டே போய் அடர்ந்த காடு ஆயிருது, வளைவு மேல வளைவு, தார் ரோடு நல்லா இருந்துச்சு ஆனா நடுநடுவுல தார் பேந்த இடம் இருக்கு, மேல 1620 மீட்டர்ல கணவாய், நாங்க போனப்ப மூடுபனி, முன்னாடி முப்பது அடி கூட தெரியல, வைப்பர் போட்டுக்கிட்டே 20ல ஊர்ந்தோம், வண்டி சும்மா சொல்லக்கூடாது, பிரேக்கும் கியரும் ஒரு இடத்துல கூட ஏமாத்தல. அப்புறம் இறக்கத்துல ஒரு வளைவு திரும்புனதும் பனி அப்படியே விலகி கீழ அலசானி பள்ளத்தாக்கு முழுசா தெரிஞ்சுது, கண்ணுக்கு எட்டுற வரைக்கும் திராட்சை தோட்டம், அதுக்கு அந்த பக்கம் இந்த கோடில இருந்து அந்த கோடி வரைக்கும் காகசஸ் சுவரு மாதிரி நிக்குது, உச்சில லேசா வெள்ளை. அம்மா ஒண்ணுமே பேசல, கைய மட்டும் கூப்புனாங்க. நான் வண்டிய ஓரம் கட்டிட்டு இறங்கி கொஞ்ச நேரம் நின்னேன், இந்த ஒரு இடத்துக்காகவே சொந்தமா ஓட்டணும்.

தெலாவில ரெண்டு ராத்திரி ஒரு வீட்டுல தங்குனோம், நடத்துறது ஒரு பாட்டி, பாட்டிக்கு அங்க பேபியான்னு சொல்லுவாங்க. சாப்பாடு பத்தி பயந்துக்கிட்டே போனோம், தேவையே இல்ல. சைவம் சாப்பிடுறவங்க ஒரு வார்த்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க, "சமர்க்வோ". சர்ச் விரத நாள்ல சாப்பிடுற சாப்பாட்டுக்கு பேரு அது, கறி, பால், முட்டை எதுவும் இருக்காது, எந்த ஹோட்டல்ல சொன்னாலும் புரிஞ்சுக்குறாங்க. பீன்ஸ் பூரணம் வச்ச ரொட்டி லோபியானி, கத்திரிக்காய வறுத்து உள்ள அரைச்ச வால்நட் மசாலா தடவி சுருட்டுன பத்ரிஜானி, மண் சட்டில கொதிக்க கொதிக்க வர்ற பீன்ஸ் குழம்பு லோபியோ. அம்மா நாலு நாளும் வயிறார சாப்பிட்டாங்க. ரொட்டிக்கு அங்க பேரு "புரி". முதல் நாள் பேபியா "புரி, புரி"ன்னு கொண்டு வந்து வச்சப்ப அம்மா முகத்த பாக்கணுமே, பூரி வருதுன்னு நினைச்சு ஆசையா எட்டி பாத்தாங்க, வந்தது படகு மாதிரி நீளமான ரொட்டி, அதுவும் பிடிச்சு போச்சு. என் பையனுக்கு இன்னொண்ணு, அங்க மாமான்னா அப்பா, தேதான்னா அம்மா, அன்னைல இருந்து என்னைய மாமான்னுதான் கூப்பிடுறான்.

ரெண்டாவது நாள் அலவெர்தி, கிரேமி. அலவெர்தி சர்ச் 11ஆம் நூற்றாண்டு, அம்பது மீட்டருக்கு மேல உயரம், தோட்டத்துக்கு நடுவுல தனியா நிக்குது, அங்க துறவிங்க இன்னமும் மண்ணுல புதைச்ச பெரிய மண்பானைல, அதுக்கு பேரு குவெவ்ரி, ஒயின் போடுறாங்க. இந்த முறைய 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க. முட்டிக்கு மேல டிரவுசர் போட்டு போகாதீங்க, பெண்கள் தலைய மூடணும். கிரேமி ஒரு காலத்துல ககேத்தியோட தலைநகரம், 17ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பாரசீக ஷா அப்பாஸ் படை அழிச்சதுக்கு அப்புறம் எந்திரிக்கவே இல்ல, இப்ப மேட்டு மேல சர்ச்சும் கோபுரமும் மட்டும் நிக்குது. படி ஏற முடியாதுன்னு அம்மா கீழ வண்டிலயே உக்காந்துட்டாங்க, சீட்ட பின்னால சாய்ச்சு விட்டு நல்லா தூங்குனாங்க.

வழில நடந்தது இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. ஆல்வானி பக்கம் ஒரு வளைவு தாண்டுனா ரோடு முழுக்க ஆடு. துஷேத்தி மேய்ப்பருங்க குளிர் வரதுக்கு முன்னாடி மலைல இருந்து மந்தைய கீழ ஓட்டிக்கிட்டு ஷிராக்கி சமவெளி பக்கம் போற சீசன் அது. வண்டிய ஆஃப் பண்ணிட்டு உக்காந்துட்டோம், ரெண்டு பக்கமும் கண்ணாடிய உரசிக்கிட்டு ஆடு போகுது, கம்பளி ஈர வாசனை உள்ள வரைக்கும் வருது, காது வெட்டுன பெரிய பெரிய நாய்ங்க மந்தைக்கு ரெண்டு பக்கமும். இருபது நிமிஷம். அந்த மாதிரி இடத்துல ஹார்ன் அடிக்காதீங்க, கீழ இறங்கவும் வேணாம், அந்த நாய்ங்க வேலைய அதுங்க பாக்குது.

இப்ப பஞ்சர் கதை. மூணாவது நாள் குவாரேலி தாண்டி லகோதெகி பக்கம் போனோம். லகோதெகி காடு 1912லயே பாதுகாக்கப்பட்ட இடம் ஆயிருச்சு, பையனுக்கு அருவி பாக்கணும். மெயின் ரோட்ட விட்டு நினோஸ்கெவி அருவிக்கு திரும்புனோம். அங்க ஊர் பேர் கடைசில கெவின்னு வந்தா மலை இடுக்கு, ஓடைன்னு அர்த்தம், மலைல இருந்து மழை தண்ணி உருட்டிட்டு வர்ற கல்லு அத்தனையும் அங்கதான் கிடக்கும், இத யாராவது முன்னாடியே சொல்லி இருக்கலாம். கூழாங்கல் ரோடு, நடுவுல காஞ்ச ஓடை, மெதுவாதான் போனேன், அப்பவும் பின் பக்க இடது டயர் உஸ்ஸ்னு இறங்கிருச்சு. இறங்கி டிக்கிய திறந்தா ஸ்பேர் வீல் இருக்கு, ஜாக்கி இருக்கு, வீல் ஸ்பானர் மட்டும் அந்த நட்டுக்கு சேரல, வேற வண்டியோடத தூக்கி போட்டிருக்காங்க. எனக்கு அப்படி ஒரு கோவம் வந்துச்சு. வெயில், அம்மா உள்ள, பக்கத்துல வீடு கிடையாது.

போன் பண்ணேன், ரெண்டாவது ரிங்லயே அண்ணன் எடுத்துட்டாரு, விஷயத்த சொன்னதும் சாக்கு எதுவும் சொல்லல, தப்பு எங்க மேலதான், நீங்க நிக்கிற லொகேஷன அனுப்புங்க, லகோதெகில எனக்கு தெரிஞ்ச ஆள் இருக்காரு அனுப்புறேன்னாரு. ஆனா அதுக்குள்ள ஒரு பழைய டிரக் வந்துச்சு, பின்னால குவிச்சு வச்ச திராட்சை, அறுவடை சமயம், ர்த்வேலின்னு சொல்லுவாங்க. டிரைவர் பெரியவர், ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது, டயர பாத்தாரு, அம்மாவ பாத்தாரு, தன் டூல் பாக்ஸ எடுத்துட்டு வந்து படுத்துட்டாரு. பத்து நிமிஷத்துல ஸ்பேர் மாட்டிட்டாரு. காசு நீட்டுனேன், கைய தட்டி விட்டுட்டு டிரக்ல இருந்து ரெண்டு கொத்து கருப்பு திராட்சை எடுத்து பையன் கைல குடுத்தாரு, சபெராவின்னு ஒரு வகை, உள்ளயும் சிவப்பா இருக்கும், பையன் விரலெல்லாம் ஊதா கலர். நாங்க "மத்லோபா"ன்னு நன்றி மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

ஸ்பேர்லயும் காத்து கம்மிதான், லகோதெகி வரைக்கும் 30ல ஓட்டிட்டு வந்தோம். ரோட்டோரத்துல பழைய டயர் ஒண்ண நிக்க வச்சு "வுல்கனிசாட்சியா"ன்னு எழுதி வச்சிருந்தா பஞ்சர் கடைன்னு அர்த்தம், ஆனா ஜார்ஜியன் எழுத்து நமக்கு படிக்க வராது, டயர மட்டும் அடையாளம் வச்சுக்கோங்க. அந்த கடைக்காரர் டயர தண்ணி தொட்டில முக்கி குமிழி வர்ற இடத்த சாக்பீஸால வட்டம் போட்டு, உள் பக்கம் பேட்ச் வச்சு, மத்த மூணு டயருக்கும் காத்து பாத்து விட்டாரு, 15 லாரி. ஒரு மணி நேரத்துல கிளம்பிட்டோம். அருவி பாக்கல, பையனுக்கு வருத்தம்தான்.

கடைசி நாள் சிக்நாகி. 18ஆம் நூற்றாண்டுல ராஜா எரெக்ளே கட்டுன மதில், 23 கோபுரம், மேட்டு மேல இருந்து பாத்தா அதே அலசானி பள்ளத்தாக்கு இன்னொரு கோணத்துல. ரோடு முழுக்க கல்லு பாவுனது, முட்டி வலி இருக்கறவங்களுக்கு கஷ்டம், நாங்க வண்டிய உள்ள வரைக்கும் கொண்டு போய் ஒரு மர நிழல்ல அம்மாவ உக்கார வச்சோம். இந்த ஊர் கூட்டம் எனக்கு அவ்வளவா ஒட்டல, தெலாவிலயே இன்னொரு நாள் இருந்திருக்கலாம்.

ஹைவேல திரும்பி வர்றப்ப ரோட்டோரம் வரிசையா ரொட்டி சுடுற வீடுங்க. ஒரு அம்மா தரைக்கு மேல எழுப்புன மண் அடுப்புக்குள்ள பாதி உடம்ப குனிஞ்சு மாவ உள் சுவத்துல அறைஞ்சாங்க, நெருப்பு வெளிச்சம் முகத்துல, அஞ்சு நிமிஷத்துல ஒரு கம்பியால குத்தி எடுத்து பேப்பர்ல சுத்தி குடுத்தாங்க. பக்கத்துலயே சுர்ச்கேலா போட்டுட்டு இருந்தாங்க, வால்நட்ட நூல்ல மாலை மாதிரி கோத்து, திராட்சை சாறும் மாவும் சேர்த்து கெட்டியா காய்ச்சுன கூழ்ல முக்கி எடுத்து கம்புல தொங்க விடுறாங்க, சொட்டு நிக்கிற வரைக்கும் கீழ தட்டு. வாங்குனா காய்ஞ்சு மேல லேசா வெள்ளை பூத்தத வாங்குங்க, பளபளன்னு இருக்குறது பல்லுல ஒட்டும்.

வண்டிய திருப்பி குடுத்தப்ப என்ன ஆச்சுன்னு சொல்லணும், ரிவ்யூவே அதுக்குதான். அண்ணன் டார்ச் அடிச்சு கீழ பாத்தாரு, பேட்ச் போட்ட டயர தட்டி பாத்தாரு, எதுவும் கழிக்கல. பஞ்சர் கடை 15 லாரிய அவரே எடுத்து நீட்டுனாரு. தம்பிய கூப்பிட்டு எங்க முன்னாடியே சரியான ஸ்பானர எடுத்து நட்டுல மாட்டி பாத்து டிக்கில வைக்க சொன்னாரு. ஆனா வண்டி கழுவ 40 லாரின்னு டெபாசிட்ல கழிச்சுட்டாரு, அக்ரிமெண்ட்ல ரெண்டாவது பக்கத்துல அழுக்கா குடுத்தா கழுவுற சார்ஜ்னு இருக்கு ஆனா எவ்வளவுன்னு போடல. அது தப்பு, தொகைய முன்னாடியே எழுதணும்னு நேராவே சொன்னேன், தலையாட்டுனாரு. மீதி 260 அப்பவே கைல குடுத்துட்டாரு.

என் கணக்குல அஞ்சுக்கு நாலு. பாதி மார்க் ஸ்பானருக்கு, பாதி அந்த 40 லாரிக்கு கழிச்சாச்சு. நீங்க எந்த கடைல எடுத்தாலும் சரி, கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கிய திறந்து ஸ்பானர நட்டுல வச்சு பாருங்க, ஸ்பேர் வீல கைல அமுக்கி பாருங்க, கழுவுற சார்ஜ் எவ்வளவுன்னு பேனாவால எழுதி வாங்குங்க, நாலு பக்கமும் கூரையும் வீடியோ எடுங்க, கடைக்காரர் நம்பர் தவிர 112ம் போன்ல இருக்கட்டும். பெட்ரோல் தெலாவிலயே ஃபுல் பண்ணிக்கோங்க.

அடுத்த வருஷம் ஜூன் கடைசில அபானோ கணவாய் திறந்ததும் துஷேத்தி போறதா இருக்கோம், அதுக்கு நானா ஓட்டுறதா இல்ல, அந்த ரோடு தெரிஞ்ச டிரைவரோட வண்டி அண்ணனே ஏற்பாடு பண்றேன்னாரு, பேசி வச்சிட்டு வந்தோம். அம்மா மட்டும் அவ்வளவு உயரம் ஏற மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அந்த மூணு நாளும் தெலாவில பேபியா வீட்டுலயே இருந்துக்கிறாங்களாம், பத்ரிஜானி செய்ய கத்துக்கணுமாம்.